ஆளுக்கு இரண்டு கிலோ

கண்டி
10 மார்ச் 2025

அன்புள்ள துஷாந்த்,

உன் பழைய தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. கம்பளையில் அதே மருந்துக் கடையில்தான் இருக்கிறாய் என்று கேள்விப்பட்டு, கடை விலாசத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

2018இல் புசல்லாவை கிரேன்வில் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை நிறுத்து, உயரம் பார்த்து எழுதித் தந்தாய் அல்லவா? அந்த ஆய்வுக் கட்டுரை இன்று எங்கேயோ போய்விட்டது. நூறு பெண்களில் முப்பத்தாறு பேர் உடல் எடை குறைந்தவர்கள் என்ற அந்த ஒரு வரியை இதுவரை 214 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. என் பெயரில் இருபத்தேழு கட்டுரைகள் இருக்கின்றன. மற்ற இருபத்தாறையும் கூட்டினாலும் இந்த ஒன்றுக்குப் பக்கத்தில் வராது. தோட்டத்தில் காலை பத்து மணிக்கு அவித்த முட்டையும் கடலையும் கொடுக்கிறார்களே, அந்தத் திட்டத்தையும் வெளிநாட்டு நிறுவனம் இந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் தொடங்கியது.

இந்த ஜனவரியில் அதே பெண்களை மறுபடி நிறுத்தோம். இந்த முறை பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் வைத்து எடுத்தார்கள். முடிவை என்னாலேயே நம்ப முடியவில்லை. ஏறத்தாழ எல்லோருக்கும் இரண்டு கிலோ கூடியிருக்கிறது! ஒரு முட்டையால் இவ்வளவு செய்ய முடிகிறது. இரண்டாவது கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். ஜூன் மாதம் பேராசிரியர் பதவிக்கான நேர்முகம். அதற்கு முன் அது ஏற்கப்பட வேண்டும்.

ஆய்விதழ் ஒன்றே ஒன்று கேட்கிறது. 2018இல் எடை எடுத்தவர், எப்படி எடுத்தார் என்று ஓர் உறுதிமொழி தர வேண்டும். படிவம் உள்ளே. ஆங்கிலத்தில் இருக்கிறது, படித்துச் சிரமப்பட வேண்டாம். பென்சிலால் குறித்த இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

கலாநிதி சுகிர்தா


கம்பளை
16 மார்ச் 2025

மிஸ்,

படிவத்தைப் படித்தேன். சிரமமாக இருக்கவில்லை. “எடை, தராசு காட்டியபடியே, எந்த மாற்றமும் இன்றிப் பதியப்பட்டது” என்று மூன்றாவது வரியில் இருக்கிறது. அதில் நான் கையெழுத்துப் போட முடியாது.

எல்லோருக்கும் கூடிய அந்த இரண்டு கிலோ முட்டையால் வந்ததில்லை. அது நான் எடுத்தது.

சொல்கிறேன். 2018இல் வேலை நேரத்தில் பெண்களை விட முடியாது என்று தோட்ட மெனேஜர் தொரை சொல்லிவிட்டதால், பகல் நிறுவைக்கு அவர்கள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வரும்போதே எடுத்துக்கொள்ளச் சொன்னீர்கள். ஒரு பக்கம் கொழுந்துத் தராசு. அங்கே கணக்கப்பிள்ளை புத்தகத்தோடு நிற்பார், என் அப்பா வீரய்யா சாக்கைக் கொக்கியில் மாட்டி எண்ணைச் சொல்வார். மறு பக்கம் உங்கள் மின்தராசு. அங்கே நான்.

கொழுந்துத் தராசில் பதினான்கு வந்தால் அப்பா பன்னிரண்டு என்றுதான் சொல்வார். சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணீருக்கு ஒரு கிலோ. ஆளுக்கு இரண்டு கழிவு. மூன்று மாதம் மழையே இல்லாமல் மலை காய்ந்து கிடந்தாலும் தண்ணீருக்கு ஒரு கிலோ. பள்ளிக்கூடம் முடித்த பிறகு அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் எல்லாம் அவர் இடத்தில் நான் நின்றிருக்கிறேன். கண் பதினான்கைப் பார்க்கும், வாய் பன்னிரண்டு என்னும். நடுவில் யோசிக்க ஒன்றும் இல்லை.

உங்கள் தராசிலும் அப்படித்தான் செய்தேன். 46 வந்தால் 44 எழுதினேன். அவர்கள் கூடையை இறக்கி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து, செருப்பையும் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்கள். கழிக்க எதுவுமே இல்லை. ஆனாலும் கழித்தேன். நிறுவை என்றால் அதுதான் என்று எனக்குள் இருந்தது. எண்ணைச் சத்தமாகச் சொல்லித்தான் எழுதினேன். ஒருத்தரும் மறுக்கவில்லை. மடுவத்தில் தராசு காட்டியதை அப்படியே எழுதி அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் ராக்கம்மா பெரியம்மா மட்டும் கேட்டார். “ஏன்டா தம்பி, கொழுந்துலதான் கழிக்கிறீங்கன்னு பாத்தா, இப்ப ஆளுலயுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னேன், “கம்பனிக்குக் குடுத்துப் பழகின ஒடம்புதானே பெரியம்மா, ரெண்டு கிலோ கொறஞ்சா என்னா?”

அந்தப் பகிடியை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

இது எனக்கு நேற்றுத் தெரிந்ததில்லை. நான்கு வருடத்துக்கு முன்பே தெரியும். எங்கள் கடைத் தராசில் ஜவாஹிர் நானா என்று ஒரு வாடிக்கையாளர் ஏறினார். 71 காட்டியது. நான் 69 என்றேன். “என்ன தம்பி, எனக்கு மட்டும் டிஸ்கவுண்டா?” என்றார். அந்த நிமிடம் கிரேன்வில் மடுவம் முழுவதும் கண்ணுக்கு முன் வந்தது. சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இந்தக் கடை வேலை நீங்கள் தந்த நற்சான்றிதழால் கிடைத்தது. அதில் “துல்லியமானவர்” என்று எழுதியிருக்கிறீர்கள்.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

துஷாந்த்


கண்டி
23 மார்ச் 2025

துஷாந்த்,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குமா? ஆறு நாளும்? ஒருவேளை சிலருக்கு அப்படிச் செய்திருப்பாய், இப்போது எல்லோருக்கும் செய்தது போலத் தோன்றுகிறதோ என்னவோ. ஏழு வருடத்துக்கு முந்திய ஞாபகம் அவ்வளவு சுத்தமாக இருக்காது.

பயிற்சி நாளில் நான் தெளிவாகச் சொன்னேன்: தராசு காட்டுவதை எழுது. அதைவிட இலகுவாக ஒரு வேலையை யாருக்கும் சொல்ல முடியாது. உயர்தரத்தில் கணிதம் படித்தவன் நீ. ஒரு எண்ணைப் பார்த்து அதே எண்ணை எழுத உனக்குத் தெரியாதா?

சரி, நீ சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். இதை வெளியே சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தாயா? என்னை விடு. “பாருங்கள், கணக்கு பொய், பெண்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்” என்று கம்பனி சொல்லும். முட்டை நிற்கும். கடலை நிற்கும். உனக்கு மனச்சாட்சி சுத்தமாகும், ஆயிரம் பெண்களுக்குப் பத்து மணிக்கு வெறும் தேத்தண்ணிதான். தோட்டத்துப் பெண்களைப் பற்றி உலகத்தில் யாரும் ஒரு வரி எழுதாத இடத்திலிருந்து நான் இதை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறேன்.

இது மின்தராசின் பழுதாகவும் இருக்கலாம். பழைய தராசு. அதையும் நினைத்துப் பார்.

அடுத்த வருடம் பன்வில பக்கம் ஒரு பெரிய ஆய்வு தொடங்குகிறோம். களப் பொறுப்பாளர் வேண்டும். மருந்துக் கடையில் தருவதைவிட நல்ல சம்பளம். படிவத்தை மறுபடி வைத்திருக்கிறேன்.

சுகிர்தா


கம்பளை
2 ஏப்ரல் 2025

மிஸ்,

வேலைக்கு நன்றி. வேண்டாம்.

முதலில் முட்டையைப் பற்றி. அந்த முட்டையை யார் சாப்பிடுகிறார்கள் என்று உங்கள் மாணவர்கள் யாராவது பார்த்தார்களா? கடலையை வாயில் போட்டுக்கொள்வார்கள். முட்டையைத் துணியில் முடிந்து வைத்துப் பின்னேரம் பிள்ளைக்குக் கொண்டுபோவார்கள். என் அம்மா அப்படித்தான் என் தங்கச்சிக்குக் கொண்டுவந்தார். ஒரு முட்டை மூன்று துண்டு. ஜனவரியில் நீங்கள் எடுத்த எடையிலிருந்து என் இரண்டு கிலோவைக் கழித்துப் பாருங்கள். ஏழு வருடத்தில் அந்தப் பெண்களுக்கு ஒன்றும் கூடவில்லை. அதுதான் உங்கள் கண்டுபிடிப்பு. அதை எழுதினால் எத்தனை பேர் மேற்கோள் காட்டுவார்கள்?

கணிதம் படித்தவனுக்கு எண் எழுதத் தெரியாதா என்று கேட்டீர்கள். கேட்கலாம். தப்பு என்னுடையதுதான், அதை யார் தலையிலும் போடவில்லை. ஆனால் உங்கள் கட்டுரை இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. படித்தேன். “எல்லா அளவீடுகளும் முதன்மை ஆய்வாளரின் நேரடி மேற்பார்வையில் எடுக்கப்பட்டன.” இது யார் கழித்தது மிஸ்?

ஆறு நாளில் நீங்கள் மடுவத்துக்கு வந்தது ஒரே நாள், பத்து நிமிடம், படம் எடுக்க. மற்ற ஐந்து நாளும் தொரை பங்களாவில் இருந்தீர்கள். வெளிநாட்டுப் பேராசிரியர் வந்திருக்கிறார், பேச வேண்டும் என்றீர்கள். காரணம் அதில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். என் பட்டியலில் 117ஆவது ஆள் ராக்கம்மா பெரியம்மா. தராசிலிருந்து இறங்கியதும் என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னார்: “அந்த டாக்டரம்மா எங்க அக்கா மக தம்பி. பன்வில தோட்டத்துல பொறந்த புள்ள. நீ யாருகிட்டயும் சொல்லிறாத, பெரிய ஆளுங்களோட வந்திருக்கு, அதுக்குச் சங்கடமா இருக்கும்.”

படம் எடுத்த அன்று, நீங்கள் வந்தபோது, அவர் கூடைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். உங்களுக்காகத்தான். நீங்கள் ஒரு நிமிடம் மடுவத்தில் நின்றிருந்தால் நான் 46க்கு 44 சொல்வது உங்கள் காதில் விழுந்திருக்கும். நீங்களும் அந்த நிறுவையைக் கேட்டு வளர்ந்தவர்தானே.

இன்னொன்று. பயிற்சி நாளில் உங்களை “அக்கா” என்றேன். “எல்லார் முன்னாலும் மிஸ் என்று கூப்பிடு” என்றீர்கள். கூப்பிட்டேன்.

படிவம் இதோடு திரும்பி வருகிறது. மூன்றாம் தடவை அனுப்பாதீர்கள். முத்திரை வீண்.

துஷாந்த்


கண்டி
27 ஏப்ரல் 2025

துஷாந்த்,

மூன்று வாரமாக இதை எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன்.

புத்தாண்டு விடுமுறையில் பழைய தாள்களை எடுத்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு கிலோ கூட்டி மறுபடி கணக்குப் பார்த்தேன். முப்பத்தாறு அல்ல, இருபத்தாறு. நான்கு பேரில் ஒருத்தி. இது ஒன்றும் சின்ன எண் அல்ல, ஆனால் நான் சொன்ன எண் இதுவும் அல்ல. ஜனவரி எடையோடு வைத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. கோடு தட்டையாக இருக்கிறது.

நான் வெட்கப்படுகிறேன் என்று எழுதிவிட்டுப் பார்த்தால், அந்தச் சொல்கூட ஒரு கட்டுரையின் முடிவுரை போல இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன். பங்களாவில் மூன்றாம் நாள் அந்தப் பேராசிரியர் என்னிடம், இந்த மக்களோடு உனக்கு மொழிப் பிரச்சினை இல்லையா என்று கேட்டார். “சமாளிப்பேன்” என்றேன். என் தாய்மொழியைச் சமாளிப்பேன் என்று சொன்னேன், துஷாந்த். தொரை என் கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ராக்கம்மா சின்னம்மா மடுவத்தில் வரிசையில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான்.

இரண்டாவது கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். முதல் கட்டுரைக்குத் திருத்தக் குறிப்பு அனுப்பப் போகிறேன். கீழே நான் எழுதி வைத்திருக்கும் வரி:

“எடை அளவீட்டில், கருவியின் பிழை காரணமாக, சராசரியாக இரண்டு கிலோகிராம் குறைவாகப் பதிவாகியுள்ளது.”

இது போதும். உன் பெயர் வராது. தோட்டத்தின் பெயரும் வராது. கழிவைப் பற்றி எழுதினால் கம்பனி இனி எந்த ஆய்வாளரையும் வாசலுக்குள் விடாது. அதையும் நீ யோசிக்க வேண்டும்.

சுகிர்தா


கம்பளை
11 மே 2025

அக்கா,

கோபிக்க மாட்டீர்கள் என்று நினைத்து அப்படியே எழுதுகிறேன்.

போன ஞாயிறு கிரேன்வில் தோட்டத்தின் மேல் பிரிவுக்கு, மேற்கணக்குக்குப் போனேன். ராக்கம்மா பெரியம்மா வீட்டில் ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். நான் செய்ததைச் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன்.

“எங்களுக்குத் தெரியுமே” என்றார் பெரியம்மா. “ஜனவரியில அந்தக் காலேஜ் புள்ளைங்க நிறுத்தப்ப நாப்பத்தி மூணுன்னுச்சு. நா நெனச்சேன், இதுங்களுக்கு நிறுக்கத் தெரியல, கழிக்காமப் போட்டுருச்சுங்கன்னு.”

இரத்தினம்மா அக்கா கேட்டார், “அப்ப நாங்க கொறச்சலா இல்லயா?”

“கொறச்சல்தான். சொன்ன அளவுக்கு இல்ல” என்றேன்.

“அட, கம்பனிக்காரன் கொழுந்துல திருடுறான், நீ எங்க ஒடம்புலயே திருடிட்ட. கெட்டிக்காரன்தான்.” அவர் சிரிக்கவில்லை.

பிறகு உங்கள் வரியைத் தமிழில் வாசித்தேன், கருவியின் பிழை என்று. பெரியம்மாதான் சொன்னார். “தராசு மேல ஏன் பழியப் போடணும்? தராசு சரியாத்தான் காட்டிச்சு. எங்க அக்கா மக படிச்ச புள்ள. ஏன் கழிச்சாங்கன்னு எழுதச் சொல்லு. கொழுந்துல கழிக்கிறதயும் சேத்து எழுதச் சொல்லு. இம்புட்டு வருஷமா அத ஒரு புஸ்தகத்துலயும் யாரும் எழுதல.”

முட்டை நின்றாலும் பரவாயில்லையா என்று கேட்டேன். நின்றால் கேட்டு வாங்கலாம், இது எழுதாமல் விட்டால் எப்போது எழுதுவது என்றார்கள். இரண்டு பேர் மட்டும் முட்டை நிற்கக் கூடாது என்றார்கள். அதையும் உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

இதோடு என் உறுதிமொழி இருக்கிறது. உங்கள் படிவமில்லை, நானே தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டது. என் பெயர், அப்பா பெயர், மடுவம், எப்படிக் கழித்தேன், ஏன் கழித்தேன், எல்லாம் இருக்கிறது. அப்பாவிடம் கேட்டுத்தான் எழுதினேன். முதலில் கோபப்பட்டார். பிறகு, “போடு, நா ரிட்டயர் ஆயாச்சு, என்னா புடுங்கப் போறாங்க” என்றார்.

நீங்கள் எதை அனுப்புவீர்கள் என்று எனக்குத் தெரியாது. கருவியின் பிழை என்று போனால் நான் ஒன்றும் செய்ய மாட்டேன். நான்கு வருடம் வாயை மூடியிருந்தவனுக்கு உங்களைப் பயமுறுத்த முகம் இல்லை. ஆனால் அந்த வீட்டுப் பக்கம் உங்களுக்காகப் போய் இன்னொரு தடவை பேச மாட்டேன்.

துஷாந்த்


கண்டி
3 ஓகஸ்ட் 2025

அன்புள்ள துஷாந்த்,

திருத்தக் குறிப்பு ஜூலை முதல் வாரம் வெளிவந்துவிட்டது. உனக்கு ஒரு பிரதி வைத்திருக்கிறேன். சின்னம்மா சொன்னபடிதான் எழுதினேன். தோட்டத்து நிறுவையில் ஆளுக்கு இரண்டு கிலோ கழிக்கும் வழக்கம், அந்த வழக்கத்தில் வளர்ந்தவர் ஆட்களையும் அப்படியே நிறுத்தது, முதன்மை ஆய்வாளர் அந்த இடத்தில் இல்லாதது. கடைசிப் பகுதியை ஆய்விதழ் தேவையில்லை என்றது. இருக்கட்டும் என்றேன்.

பேராசிரியர் விண்ணப்பத்தை நானே திரும்ப எடுத்துக்கொண்டேன் என்று உனக்கு எழுத ஆசை. உண்மை அதுவல்ல. ஜூனில் நேர்முகத்துக்குப் போனேன், இரண்டாவது கட்டுரை எங்கே என்று கேட்பார்களோ என்று பயந்துகொண்டே. கேட்டார்கள். சொன்னேன். ஒருவர் கண்ணாடியைத் துடைத்தார். இன்னும் சில வருடம் போகட்டும் என்றார்கள்.

கிரேன்வில் நிர்வாகம் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. இனி ஆய்வு என்று யாரும் வரக்கூடாதாம். முட்டைத் திட்டம் “மீளாய்வில்” இருக்கிறது. அந்த இரண்டு பேருக்கு நான் என்ன பதில் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

இன்னொன்று. பழைய கட்டுரையின் மேற்கோள் இப்போது 221. திருத்தம் வந்த பிறகும் ஏழு பேர் அந்த முப்பத்தாறையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். திருத்தத்தை எடுத்தவர் ஒருவரும் இல்லை. ஏழு பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். இருவர் நன்றி என்று பதில் போட்டார்கள். ஒருவர், முப்பத்தாறு தன் வாதத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்றார்.

நேற்று சனிக்கிழமை, தோட்டத்துக்குப் போனேன். ஆய்வாளராக அல்ல, சின்னம்மாவைப் பார்க்க. புசல்லாவையில் பஸ்ஸிலிருந்து இறங்கி மேலே நடந்தேன். பகல் நிறுவை நேரம். சின்னம்மா வரிசையில் நின்றார். என்னைக் கண்டதும் பழையபடி கூடைகளுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். “இது யாரு?” என்று ஒரு பெண் கேட்டாள். சின்னம்மா என் முகத்தைப் பார்த்தார், சொல்லலாமா என்று. எனக்கு நாற்பது வயதாகிறது, என்னை யார் என்று சொல்ல அவர் என்னிடம் அனுமதி கேட்கிறார். “அக்கா மக” என்று நானே சொன்னேன். முட்டிக்கால் வலிக்கு மருந்து தருவாயா என்று உடனே மூன்று பேர் கேட்டார்கள். நான் அந்த டாக்டர் இல்லை என்றேன். “பின்ன எதுக்கு டாக்டரு?” என்றார்கள்.

சின்னம்மாவின் சாக்கைக் கொக்கியில் மாட்டினார்கள். முள் பதினைந்தில் நின்றது. நான் பார்த்தேன். கணக்கப்பிள்ளை நான் பார்ப்பதைப் பார்த்தார். “பதின்மூணு” என்றார்.

நான் வாய் திறக்கவில்லை, துஷாந்த். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, கொழுந்தில் ஒரு துளி ஈரம் இல்லை. திருத்தத்தில் நான் எழுதிய அதே இரண்டு கிலோ, கண்ணுக்கு முன்னால். நான் சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சின்னம்மாதான் சொன்னார், சாதாரணமாக, விலாசம் சொல்வது போல. “பதினஞ்சு.”

கணக்கப்பிள்ளை பதின்மூன்று என்றுதான் எழுதினார். அடுத்த பெண் சாக்கை மாட்டிவிட்டு முள்ளை அண்ணாந்து பார்த்து, “பன்னெண்டர” என்றாள். அவர் பத்தரை என்று எழுதினார். அதற்கு அடுத்தவளும் தன் எண்ணைச் சொன்னாள். வரிசை முடியும் வரை ஒவ்வொருத்தியும் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் கழித்தே எழுதினார்.

ஒவ்வொரு தடவையும் அவர்கள் சொன்ன எண்ணை நான் ஒருமுறை திருப்பிச் சொல்லியிருக்கலாம். மேற்கோள் என்றால் அவ்வளவுதானே. கடைசிச் சாக்கு போகும் வரை நான் சொல்லவில்லை.

அக்கா,
சுகிர்தா